கடல் பக்கம் மூச்சு, ரயில் பக்கம் கை

திருவொற்றியூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா ஃப்ளோரன்ஸ் அவர்களுக்கு, கோவிந்தம்மா கைப்பட எழுதிக்கொள்வது. உங்கள் மாதாவும் எங்கள் எல்லையம்மனும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தாங்குவதால் இங்கே உங்கள் மகன் ஜெரால்ட், என் மகள் மலர்க்கொடி, நம் இருவருக்கும் பொதுவான பேத்தி பெனிஷா, இவர்கள் எல்லோரையும் கட்டி மேய்க்கும் நான், அனைவரும் சுகம். அங்கே பெங்களூரில் உங்கள் சின்ன மகன் ஸ்டானிஸ்லாஸ் சுகமா, அந்தக் குளிரில் உங்கள் முழங்கால் சுகமா, ஐஸில் வைத்த மீனை மீன் என்று நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்பதையெல்லாம் விவரமாக எழுதவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் "அதான் சம்பந்தி, நான் அன்னைக்கே சொன்னேனே" என்று உள்ளே புகுந்துவிடுவீர்கள். கடிதத்தில் அப்படிப் புக முடியாது. நான் சொல்ல வந்தது நன்றி. அதைச் சொல்லும்போது யாராவது நடுவில் பேசினால் எனக்குக் கோபம் வந்து, நன்றி போய்ச் சண்டையாகிவிடும். அதனால்தான் பெனிஷாவின் நோட்டில் நாலு தாள் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்புதான், ஆனால் அந்த ஐந்தாவதில் போர்டில் தேதி எழுத டீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார். ஆகையால் எழுத்து புரியவில்லை என்றால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளவும்.

போன வருஷம் சர்ச்சில் நடந்த பெனிஷாவின் உறுதிபூசுதல் சடங்குக்கு நீங்கள் வந்து, எங்கள் வீட்டு மெஷினில் வெள்ளை கவுன் தைத்தீர்களே, அங்கேதான் எல்லாம் ஆரம்பம். கவுனின் அடிப்பக்கம் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பிரித்துத் தைத்தீர்கள், மறுபடியும் அப்படியே. துணியைத் திட்டினீர்கள், மெஷினைத் திட்டினீர்கள், பிறகு கழுத்தில் டேப்போடு பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "பெனி, முன்னாடி குனிஞ்சு கால் கட்டை விரலைத் தொடு" என்றீர்கள். அவள் குனிந்தாள். முதுகில் ஒரு பக்கம் விலாவெலும்பு மேடாக எழும்பி நின்றது. "சம்பந்தி, இங்க வாங்க, இதைப் பாருங்க. என்கிட்ட தையல் படிச்ச ஒரு பொண்ணுக்கு இப்படித்தான் இருந்தது. டாக்டர்கிட்ட காட்டணும்" என்றீர்கள். நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இருந்தாலும் இங்கே எழுதாவிட்டால் நான் மறைத்ததாக ஆகும். "எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கூன் கெடையாது, உங்க கத்திரிக்கோலுதான் கோணல்" என்றேன். நீங்கள் அன்றைக்குச் சாப்பிடாமல், அப்போது குடியிருந்த ராயபுரத்துக்கு ஆட்டோ ஏறிவிட்டீர்கள். வஞ்சிரம் வறுவல் அப்படியே கிடந்தது. அதை நான்தான் சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை கூட்டிப் போன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் மாட்டினார்கள். நான் பார்த்த முதுகெலும்பெல்லாம் மீன் முள்தான். நடுமுள் நேராக இல்லாவிட்டால் அந்த மீனை நான் கூடையில் சேர்த்ததே கிடையாது. அங்கே என் பேத்தியின் நடுமுள் ஆற்று முகத்துவாரம் மாதிரி வளைந்து கிடந்தது. பெரிய டாக்டர் ஸ்கோலியோசிஸ் என்று ஒரு பெயர் சொன்னார், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்வது. "இப்ப ஆபரேஷன் எதுவும் வேணாம். ஆனா வளர்ற வயசு. வளர வளர வளைவும் கூடிட்டே போனா அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேச வேண்டி வரும். அதைக் கூடாம பிடிச்சு நிறுத்தறதுதான் நம்ம வேலை" என்று சொல்லி, உடம்பைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் பெல்ட் ஒன்றும், அவளுக்கென்றே பார்த்துச் சொல்லித் தரும் உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். பெனிஷா கேட்ட ஒரே கேள்வி, "நான் கோல்கீப்பரா ஆடலாமா, கூடாதா?" பிள்ளை பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் கோல் காப்பவள். அதைக் கேட்கும்போது அவள் குரல் நடுங்கியது. ஆபரேஷன் என்ற சொல்லுக்குக்கூட அது நடுங்கவில்லை. ஆடலாம், ஆனால் பயிற்சியை ஒரு நாளும் விடக் கூடாது, அடுத்த எக்ஸ்ரேயில் எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம் என்றார் டாக்டர். அந்த அடுத்த எக்ஸ்ரேதான் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கூடவே உட்கார்ந்து சோறு தின்றது.

டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். எப்படி இருப்பேன்? காசிமேட்டிலிருந்து தலையில் கூடை சுமந்தவள், இன்றைக்கும் என் முதுகில் ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம். கூடைதான் என்னை நிமிர்த்தியது, இவளையும் நிமிர்த்தும் என்று முடிவு செய்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நின்ற பிள்ளையின் தலையில் சும்மாட்டை வைத்து, அதன் மேல் தண்ணீர்க் குடத்தை வைத்து, "நட" என்றேன். அந்த பெல்ட் போட்டால் குனிய முடியாது, தரை தெரியாது. பூனையை மிதித்தாள். பூனை ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம், துறைமுகத்துக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பி நின்ற உங்கள் மகன் நடுவில். மாப்பிள்ளை தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்து, "அத்த, நீங்க கொஞ்ச நாளைக்கு மீன் மட்டும் பாத்துக்கறீங்களா?" என்றார். மரியாதையான பிள்ளை. உங்கள் வளர்ப்பு.

அடுத்தது எங்கள் தெரு முனையில் ஜிம் வைத்திருக்கும் லியோனார்ட். விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். "இன்னா ஆயா, இதுக்குப் போய் பேஜாரு பண்ணிகினு கீற? வளைஞ்ச கம்பிய நம்ம இன்னா பண்ணுவோம்? ரெண்டு பக்கமும் புட்ச்சி இழுப்போம். பாப்பாவ நம்ம ஜிம்முக்கு அனுப்பு, மேல கம்பில தொங்கவுட்டு, கால்ல வெயிட்டு கட்னா சர்ருனு நேராயிடும்" என்றான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. மலர்க்கொடிதான், பயிற்சி சொல்லித் தரும் ஃபிசியோதெரபி அம்மாவைக் கேட்காமல் ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது என்று எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

அந்த ஃபிசியோதெரபி அம்மாவின் பெயர் ஜஹானாரா. தண்டையார்பேட்டையில் மாடி அறை. அம்மா என்கிறேனே தவிர, சின்னப் பெண். குரலை உயர்த்தாமல் ஆளை உட்கார வைக்கிற ஜாதி. நான் போனதும் குடத்தைச் சொன்னேன், கம்பியைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "பாட்டிமா, கூடை தூக்கினதால உங்க முதுகு நேரா ஆகலை. நேரா இருந்ததால கூடை தூக்க முடிஞ்சுது. அப்புறம், கம்பி வளராது, புள்ள வளருது. அதனால கம்பிக் கணக்கு இவளுக்குச் சரிப்படாது" என்றாள். "அப்ப வெயிட்டே தூக்கக் கூடாதா அக்கா?" என்று பெனிஷா கேட்டாள். "யார் சொன்னா? பலம் நல்லதுதான். நேரம் வரும்போது சின்ன வெயிட்ல நானே சொல்லித் தரேன். அது வரைக்கும் நீயா எதுவும் ஆரம்பிக்காத. போன்ல பாக்கறதையும் செய்யாத. அது வேற ஒருத்தர் முதுகுக்குச் சொன்னது. ஒருத்தர் வளைவு மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. வலிச்சா, மரத்துப் போனா, உடனே நிறுத்திட்டு என்னைக் கூப்பிடணும்" என்றாள். நான் சும்மா இல்லாமல், இது புத்தகப் பையாலா, கோணலாகப் படுத்ததாலா, எந்த வம்சத்திலிருந்து வந்தது என்று கேட்டேன். "இவளுக்கு வந்திருக்கறது ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது பாட்டிமா. பையாலயும் இல்ல, படுத்ததாலயும் இல்ல. யாரும் எதுவும் பண்ணலை" என்றாள். சம்பந்தியம்மா, அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. கொஞ்சம் ஏமாற்றமும் உண்மை. உங்கள் வம்சத்தின் மேல் போட்டுவிடலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

இனிமேல்தான் முக்கியமான இடம். இவளுடைய பயிற்சி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிடையாது. எனக்கு அதுவே புதிது. ஒரு காதில் கம்மல் போட்டால் மறு காதிலும் போடுவதுதானே வழக்கம். இங்கே அப்படியில்லை. இடது பக்கம் அமுங்கியிருப்பதால் மூச்சை இழுத்து இடது பக்க முதுகுக்குள் அனுப்பி அந்தப் பக்கத்தை விரிய வைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, வலது கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கிப் பலகை மாதிரி நிற்க வேண்டும். அதுவும் வலது கை மட்டும். மலர்க்கொடி வேலைக்குப் போய்விடுவாள், மாப்பிள்ளைக்கு ஷிஃப்டு, ஆகவே வீட்டில் மேற்பார்வை நான் என்று நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு இடது, வலது என்பது நாக்கில் வராது. எங்கள் தெருவில் யாருக்குத்தான் வருகிறது? கிழக்கே கடல், மேற்கே ரயில், தெற்கே துறைமுகம், வடக்கே எண்ணூர். கட்டிலில் தள்ளிப் படுக்கச் சொன்னாலும் "கடல் பக்கம் தள்ளிப் பட்றி" என்றுதான். உப்பு டப்பா எங்கே என்றால் "ரயில் பக்கம் கீது பாரு" என்றுதான். பெனிஷா டிவியில் பாட்டு ஓடவிட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டு செய்வாள். டிவி இருந்தது துறைமுகத்துப் பக்கச் சுவரில். அதைப் பார்த்து உட்கார்ந்தால் இடது பக்கம் கடல், வலது பக்கம் ரயில். ஆகவே நான் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டே குரல் கொடுப்பேன்: "கடல் பக்கம் மூச்ச வுடு! நல்லா வுடு! ரயில் பக்கம் கைய ஊனு! ஊனிகினே இரு!" அவளும் "சரி ஆயா" என்பாள். தெருவில் போகிறவர்கள், உள்ளே ஏதோ கட்டுமரத்தைத் தள்ளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

பெல்ட் வேறு தனிக் கதை. நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் மட்டும் கழற்றலாம், முடிந்ததும் மாட்டிவிட வேண்டும். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள் முழங்கையால் இவளை இடித்துவிட்டு, "ஐயோ, இன்னாம்மா இது, உடம்பா சொவுரா?" என்று தன் முழங்கையைத் தடவிக்கொண்டாள். மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நான்தான் அந்த பெல்ட்டைத் துண்டில் சுற்றி, குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு நிற்பேன். எதிர் டீம் பிள்ளைகள், "ஆயா, இது இன்னா, யுத்தத்துக்குப் போற கவசமா?" என்று கேட்டார்கள். "ஆமா, உங்க பந்து பட்டா உங்களையே திருப்பி அடிக்கும்" என்றேன். பெனிஷா அங்கிருந்தே, "ஆயா, மானத்த வாங்காத" என்று கத்தினாள். பந்து அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அது என் கணக்கில் சேர வேண்டிய கோல்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பெரிய டிவி ஒன்று வாங்கி வந்தார். அது துறைமுகத்துப் பக்கச் சுவரில் கொள்ளவில்லை. எதிரே எண்ணூர்ப் பக்கச் சுவரில் மாட்டினார்கள். படம் நன்றாகத் தெரிகிறதா என்று எல்லோரும் பார்த்தோம். வேறெதையும் யாரும் பார்க்கவில்லை. பெனிஷா பாயைத் திருப்பிப் போட்டு எண்ணூரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் அடுப்படியிலிருந்து வழக்கம் போல "கடல் பக்கம் மூச்சு, ரயில் பக்கம் கை" என்று கத்தினேன். கடல் எங்கேயும் நகரவில்லை. பிள்ளை திரும்பிவிட்டது. இது என் புத்தியில் ஏறவில்லை.

சில வாரம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் பெனிஷா மூச்சுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, "ஆயா, முதுகுல சுரீர்னு வலிக்குது" என்றாள். கையில் இருந்த சங்கரா மீனைப் போட்டுவிட்டு ஓடினேன். ஜஹானாரா சொன்னது ஞாபகம் வந்தது. தைலம் தேய்க்கவில்லை, சுளுக்கு எடுக்கவில்லை, உடனே போன் செய்தேன். மறு நாள் வரச் சொன்னாள். போனதும் பிள்ளையைப் படுக்க வைத்து அழுத்திப் பார்த்து, கையைக் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, "தசைப் பிடிப்புதான், பயப்பட வேணாம்" என்றாள். பிறகு, "வீட்ல எப்படிச் செய்றீங்க? நீங்க சொல்ற மாதிரியே சொல்லுங்க பாட்டிமா, பார்ப்போம்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, நாலு பக்கமும் சுவர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க கடலு எந்தப் பக்கம்மா கீது?" என்று கேட்டேன்.

"கடலா? எதுக்கு பாட்டிமா?"

"மூச்சு வுடத்தான்."

"காத்து வேணுமா? ஏசி போடட்டுமா?"

"எனுக்கு இல்லம்மா, இவ முதுகுக்கு. கடல் பக்கம் மூச்சு, ரயில் பக்கம் கை. நீதான சொன்ன?"

"நான் இடது, வலதுன்னு சொன்னேன் பாட்டிமா."

"அதேதான். எங்க வூட்ல இடது பக்கந்தான் கடலு."

ஜஹானாரா பேனாவைக் கீழே வைத்தாள். "உங்க வீட்ல இவ எதைப் பார்த்து உட்காருவா?" என்றாள். டிவியை என்றேன். "டிவி எங்க இருக்கு?" முன்னே துறைமுகத்துப் பக்கம், இப்போது எண்ணூர்ப் பக்கம் என்று சொல்லும்போதே அது என் புத்தியில் ஏறிவிட்டது, சம்பந்தியம்மா. அவள் எழுந்து ஒரு பக்கம் பார்த்து நின்று கையை நீட்டினாள், மறுபக்கம் திரும்பிக் கையை நீட்டினாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள், வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். பெனிஷா மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நானே என் புள்ள முதுக வளைச்சிட்டனா?" என்று கேட்டேன். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல பாட்டிமா. கொஞ்ச நாள் பக்கம் மாறினா முதுகு ஒண்ணும் கெட்டுப் போயிடாது. வலின்னதும் நிறுத்திட்டு என்னைக் கூப்பிட்டீங்களே, அதுதான் முக்கியம்" என்றாள்.

அவள்தான் வழியும் சொன்னாள். திசையை நம்ப வேண்டாம், பிள்ளையின் கையிலேயே அடையாளம் கட்டுங்கள் என்றாள். இடது கையில் எங்கள் எல்லையம்மன் கோயில் சிவப்புக் கயிறு. வலது கைக்கு என்ன செய்வது என்று தேடியபோது, உறுதிபூசுதலுக்கு நீங்கள் கொடுத்த சின்ன ஜெபமாலை வளையல் அகப்பட்டது. இப்போது நான் கொடுக்கும் குரல், "அம்மன் பக்கம் மூச்சு வுடு, மாதா பக்கம் கைய ஊனு!" தெருவில் போகிறவர்கள் இப்போது செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அந்த அடுத்த எக்ஸ்ரே வந்தது. மலர்க்கொடி லீவு போட்டாள். மாப்பிள்ளை ஷிஃப்டு மாற்றிக்கொண்டார். நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பெரிய டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, கோடு போட்டு, அளந்து, மறுபடியும் அளந்தார். உங்கள் டேப் ஞாபகம் வந்தது எனக்கு. "கூடலை" என்றார். "கொறையலயா?" என்றேன். "ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி கம்மியாத் தெரியுது. ஆனா அதைக் கணக்குல எடுக்கக் கூடாதும்மா, அளக்கறதுலயே அவ்வளவு வித்தியாசம் வரும். இந்த வயசுல கூடாம நின்னதே பெரிய விஷயம். இப்படியே விடாமச் செய்யட்டும்" என்றார். அவர் எடுக்காவிட்டால் போகட்டும், அந்த இரண்டு டிகிரியை நான் எடுத்துக்கொண்டேன். பெனிஷா, "சனிக்கிழமை காத்திவாக்கத்துல மேட்ச் இருக்கு சார்" என்றாள். "போய் ஆடு" என்றார்.

ஆடினாள். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். ஆனால் சம்பந்தியம்மா, முதல் பந்து வந்தபோது என் பேத்தி பக்கவாட்டில் அப்படியே பாய்ந்து, மண்ணில் புரண்டு, யார் கையும் பிடிக்காமல் எழுந்து நின்று தூசியைத் தட்டினாள். பந்து உள்ளே போய்விட்டதை நான் கவனிக்கவில்லை. கையிலிருந்த பெல்ட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினேன். எதிர் டீம் ஆட்கள் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்து ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். அன்றைக்கு யார் கொடுத்திருந்தாலும் குடித்திருப்பேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு நீங்கள் டேப்பும் கையுமாக அந்தக் கவுனை விட்டுக் கண்ணை எடுத்துப் பிள்ளையைப் பார்த்திருக்காவிட்டால், அவள் தாவணி கட்டும் வயசு வரை நானும் மலர்க்கொடியும் பார்த்திருக்க மாட்டோம். அதற்குள் எவ்வளவு வளைந்திருக்குமோ. நான் திட்டியும் விடாமல், மறு நாளே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். நன்றி. இதைத் தெளிவாக எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் திரும்பத் திரும்பப் படித்துக்கொள்ளுங்கள், இரண்டாம் முறை எழுத மாட்டேன். பிள்ளையை இந்த எக்ஸ்ரே வரை கொண்டு சேர்த்தது என் மேற்பார்வை என்றாலும், ஆரம்பித்து வைத்தது உங்கள் கண். உங்கள் கத்திரிக்கோல் கோணல் இல்லை.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வரவும். வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன், இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் ஆட்டோ ஏற வேண்டும். சின்னவருக்கு என் ஆசீர்வாதம். உங்கள் முழங்காலுக்கு ஜஹானாராவிடம் ஒரு யோசனை கேட்டு வைக்கிறேன், நீங்களாக போனில் பார்த்து எதையும் ஆரம்பிக்க வேண்டாம். தெய்வங்கள் எத்தனை இருந்தாலும் அத்தனையும் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
கோவிந்தம்மா.

பின்குறிப்பு: உறைக்குள் போடும் முன் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி பெனிஷாவிடம் கொடுத்தேன். குடம் வரைக்கும் சிரித்தாள். "நானே என் புள்ள முதுக வளைச்சிட்டனா" என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தாளை மடியில் வைத்துக்கொண்டு, "ஆயா, இத்த அனுப்பாத. இது தப்பு" என்றாள். எந்த எழுத்து என்று கேட்டேன். "எழுத்து இல்ல ஆயா. டிவிய மாத்தின அன்னிக்கே பக்கம் மாறிடுச்சின்னு எனுக்குத் தெரியும். நீ கடலு கடலுன்னு கத்திகினு இருப்ப, நான் ஜஹானாரா அக்கா சொன்ன பக்கந்தான் செஞ்சிகினு இருந்தேன்" என்றாள். "அப்ப வலி எங்கேந்து வந்துச்சி?" என்றேன். பிறகுதான் உண்மை வந்தது. லியோனார்ட் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து இவளும் டீம் பிள்ளைகளும் ஜிம்முக்குள் நுழைந்து, இவள் கம்பியில் தொங்க, இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். உயரம் கூடினால் மேலே வரும் பந்தைப் பிடிக்கலாமாம். "அன்னிக்கே ஏண்டி வாயத் தொறக்கல?" என்றேன். "நீ அங்க கடலத் தேடிகினு இருந்த. அக்கா சிரிச்சிகினு இருந்தாங்க. இதுல நான் இன்னாத்த சொல்றது?" என்றாள். அடுத்த தடவை போனபோது ஜஹானாராவிடம் தனியாகச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாளாம், ஜஹானாராவும் முழுசாகச் சோதித்துப் பார்த்துவிட்டாளாம். ஆயாவிடம் நீயேதான் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் பழியை என் மேல் எழுதி வைத்திருப்பதைப் பார்த்த பிறகு பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே சம்பந்தியம்மா, மேலே என் மேற்பார்வை என்று எழுதிய இடத்திலெல்லாம் பெனிஷா என்று போட்டுப் படிக்கவும். என் தப்பு என்ற இடத்திலும் அப்படியே. மறுபடி எழுத எனக்குத் தாளும் இல்லை, தெம்பும் இல்லை. நன்றி என்று எழுதியதை மட்டும் மாற்ற வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது, பெனிஷாவும் பார்த்துவிட்டாள்.

"அப்ப இனிமே நான் கத்த வேணாமா?" என்று கேட்டேன். "ஐய, நீ கத்தலன்னா எனுக்கு மூச்சே வராது ஆயா" என்கிறாள். இதோ பாயை விரித்துவிட்டாள். நான் போக வேண்டும்.